கப்பலைத் திருப்பச் சொன்னவர்

விண்கலத்தை நடுவழியில் திருப்ப முடியாது என்று நான் மாமிக்கு விளங்கப்படுத்தியபோது, அவர் குசினி வாசலில் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எரிபொருள், வேகம், ஈர்ப்பு என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் கலந்து சொல்லி முடித்தேன். அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"திருப்ப ஏலாத சாமானில மனுசன் ஏறுவானா?"

"ஏறினாத்தானே மாமி கதை."

"அப்ப அவங்கட வீடுகள ஆரு பாத்துக்கிற?"

நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு வானொலி நாடகம். ஒரு தலைவர், ஒரு வைத்தியர், ஒரு பொறியியலாளர், விண்மீன் வரைபடம் பார்க்கிற ஒரு பெண், கதைக்கிற ஓர் இயந்திரம் என்று ஐந்து பேரை உருவாக்கி வானத்துக்கு அனுப்பியிருந்தேன். அவர்களில் ஒருவருக்கும் நான் வீடு கொடுத்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டு மாமி மறுபடியும் வெங்காயத்துக்குத் திரும்பினார். எனக்கு அன்றைக்கு முழுவதும் எழுத்து ஓடவில்லை.

மாமி என் வாப்பாவின் ராத்தா, மூத்த சகோதரி. புத்தளம் தில்லையடியில், எங்கள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளித் தனியாக இருந்தார். மாமா அகதி முகாமில் இருந்த காலத்திலேயே மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவரைப் பற்றி நல்லதாக எழுத எவ்வளவோ உண்டு. அவருடைய நெய்ச்சோற்றைப் பற்றி, காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு அவர் ஓதி ஊதுவதைப் பற்றியெல்லாம் மற்ற மருமக்கள் எழுதட்டும். நான் எழுத வந்தது, எங்கள் வாழ்க்கையில் பாதிப் பயணங்களை அவர் திருப்பி ஓட வைத்ததைப் பற்றி.

மாமி எந்தப் பயணத்தையும் ஒரேயடியாகப் போனதில்லை. கதவைப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். வேலிப் படலை வரைக்கும் வந்து, ஒரு கணம் நின்று, திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்ப்பார். இவ்வளவும் செய்துவிட்டு வேனில் ஏறி, ஸலவாத்து ஓதி, பாலாவிச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் அவருடைய கை முன்சீட்டைப் பிடிக்கும். அந்தக் கையைக் கண்டதும் நாங்கள் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்ப்போம்.

"தம்பி, வேனத் திருப்புங்க. பின்கதவு பூட்டினனா இல்லையாண்டு தெரியல்ல."

தில்லையடி வீட்டுக்குப் பின்கதவே கிடையாது. இருந்தது ஒரே ஒரு கதவு. அதைச் சொன்னால், "அப்ப அந்தக் கதவுதான்" என்பார். வாக்குவாதத்தில் அவரை யாரும் வென்றதில்லை. வென்றாலும் பயனில்லை, வேன் திரும்பும் வரைக்கும் அந்தக் கை சீட்டை விடாது.

ஒரு காலத்தில் மாமி நுரைச்சோலைக்கு வெங்காயம் பிடுங்கப் போய்வந்தார். விடியற்காலையில் லொறி வந்து பெண்களை ஏற்றிப் போகும். ஓரிரு தடவை மாமிக்காக லொறியைத் திருப்பிப் பார்த்த கூலிக்காரத் தலைவர், நல்ல மனிதர், ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் அவரே இறங்கி வந்து, மாமியின் கண்முன்னால் பூட்டை இழுத்துக் காட்டுவார். "பாத்தீங்களா ராத்தா? இரும்பு மாதிரி நிக்கிது. ஏறுங்க." மாமி ஏறுவார். இப்படிச் சில நாட்கள் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு நாள், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், மாமி லொறியின் கூரையைத் தட்டினாராம்.

"நீங்க இழுத்த இழுவையில தெறந்திருக்குமோ?"

அந்த மனிதர் அதன் பிறகு எங்கள் தெருப்பக்கமே லொறியை விடவில்லை. மற்றப் பெண்கள் சந்தி வரைக்கும் நடந்து போய் ஏற வேண்டியதாயிற்று. அவர்கள் மாமியை ஏசிய ஏச்சை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நாடகம் எழுதிய அந்த நாட்களில் எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. நாட்டில் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. பகலில் ஒரு கொமினிகேசன் கடையில் போட்டோப்பிரதி எடுப்பேன், வெளிநாட்டுத் தொலைபேசிக் கோல் போட்டுக் கொடுப்பேன். மிச்ச நேரத்தில் விண்கல நாடகம் எழுதினேன். வானொலியில் வாரந்தோறும் போடுவதாகப் பேச்சு. கொழும்பிலிருந்த நாடகத் தயாரிப்பாளர் ஓர் அம்மா. முதல் பகுதிகளை வாசித்துவிட்டுக் கடைக்கே கோல் எடுத்தார்.

"தம்பி, உங்கட கப்பல்ல அஞ்சு பேர் இல்ல. ஒராள்தான் அஞ்சு குரல்ல கதைக்கிறார். எல்லாரும் வீரம், எல்லாரும் அறிவு, எல்லாருக்கும் போக ஆசை. எனக்குக் கொட்டாவி வருது."

"வில்லன் ஒருத்தனைப் போடட்டுமா மேடம்?"

"வில்லன் வேணாம். கூடவே இருந்துகொண்டு உபத்திரவம் தாற ஒராளை ஏத்துங்க. அப்பதான் மத்த அஞ்சு பேரும் ஆரெண்டு எங்களுக்குத் தெரியும். இல்லாட்டி நான் இத எடுக்க மாட்டன்."

உபத்திரவம் என்ற சொல் காதில் விழுந்த உடனேயே என் கண்முன் மாமியின் கை வந்து முன்சீட்டைப் பிடித்தது.

அத்துடன் கற்பிட்டியில் நடந்த ஒரு வலீமா கல்யாண விருந்தும் ஞாபகம் வந்தது. அந்த விருந்துக்குப் போகிற வழியில், மாம்புரி தாண்டியதும் மாமிக்குத் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டினேனா என்ற சந்தேகம். வேன் திரும்பியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் காலையிலிருந்தே தண்ணீர் வெட்டு. சொட்டுத் தண்ணீர் இல்லாத பைப்பு ஒழுங்காகப் பூட்டியிருந்தது. மறுபடி புறப்பட்டுக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, விருந்து முடிகிற கட்டம். ஆண்கள் பக்கத்தில், கூடியிருந்து சாப்பிடும் பெரிய சோற்றுத் தட்டான சஹன் கடைசியாக ஒன்று மட்டும் மூடி திறக்காமல் இருந்தது. அதைச் சுற்றி ஐந்து பெரியவர்கள், கை கழுவி ஈரம் காய்ந்துபோய், ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். சஹனுக்கு ஆறு பேர். ஆள் நிறையாமல் மூடியைத் திறக்க மாட்டார்கள். நான் போய் இருந்ததும் மூடி திறந்தது.

"வாங்க தம்பி. உங்களுக்காகத்தான் சோறு ஆறுது" என்றார் ஒருவர். இன்னொருவர், "பொடியன ஏசாதீங்க, பஸ் கிடைச்சிருக்காது" என்றார். மூன்றாமவர் கோழிக்காலைத் தன் பக்கம் நகர்த்தினார். நாலாமவர் நான் யாருடைய மகன் என்று விசாரித்தார். ஐந்தாமவர் நான் சொன்ன பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ஓ, அந்த மனுசிட மருமகனா? அப்ப நீங்க இண்டைக்கு வந்ததே பெரிய விசயம்" என்றார். நான் வந்து உட்காரும் வரைக்கும் அந்த ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. என்னைத் திட்டுவதற்காகவும் காப்பாற்றுவதற்காகவும்தான் அவர்கள் ஐந்து வெவ்வேறு ஆட்களானார்கள். தயாரிப்பாளர் கேட்டது இதைத்தான்.

ஆகவே கப்பலில் ஆறாவதாக ஒரு பெண்ணை ஏற்றினேன். பொருளறைக்குப் பொறுப்பானவள். கப்பல் சந்திரனைத் தாண்டியதும் தலைவர் உட்கார்ந்திருக்கும் கதிரையை வந்து பிடிப்பாள். "கப்பலைத் திருப்புங்கள். வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று தெரியவில்லை." வைத்தியர் நாடி பிடிப்பார், பொறியியலாளர் சிரிப்பார், வரைபடக்காரி எரிந்து விழுவாள், இயந்திரம் கதவு திறந்திருப்பதற்கான சாத்தியத்தைக் கணக்குப் போடும். ஐந்து பேருக்கும் திடீரென்று உயிர் வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தயாரிப்பாளர் சந்தோசப்பட்டார், ஆனால் விடவில்லை.

"எல்லாம் சரி. தலைவர் அவளுக்கு என்ன பதில் சொல்றார்? அந்தப் பதில் இல்லாம நாடகம் முடியாது தம்பி."

தலைவரை விஞ்ஞானம் பேச வைத்தேன், எடுபடவில்லை. அதட்ட வைத்தேன், கெஞ்ச வைத்தேன், பகிடி விட வைத்தேன். அவள் கதிரையை விடவில்லை. எழுதியவன் நானாக இருந்தும் என் சொல்லையும் அவள் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டப் போனேன். அவள் ஏன் இப்படியானாள் என்று ஒரு பழைய கதை கொடுத்தால் எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன். சின்ன வயதில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவள், அதனால்தான் கதவுப் பைத்தியம் என்று எழுதினேன். எழுதியதை மாமிக்கே வாசித்துக் காட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல.

"ஊர விட்டு வந்ததால கிறுக்குப் பிடிச்சிட்டெண்டா எழுதியிரிக்காய்?"

"உங்களைப் பத்தி இல்ல மாமி, இது கதை..."

"நான் ஓதப் போற வயசிலயே இப்பிடித்தான்டா. உன்ட வாப்பாட்டக் கேளு."

பக்கத்தில் இருந்த வாப்பா தலையாட்டினார். ஏழெட்டு வயதில், ஓதப் போகிற வழியில், கோழிக்கூடு சாத்தினேனா என்று ராத்தா திரும்பி ஓடுவார் என்றும், ஓதிக்கொடுக்கிற ஹஸரத் அதற்காகவே பிரம்பைத் தயாராக வைத்திருப்பார் என்றும் சொன்னார். ஆக, என் அழகான காரணம் செத்தது. மாமி வெற்றியோடு எழுந்து போனார். அவர் போன பிறகு வாப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று சொன்னார்.

எங்கள் சொந்த ஊர் மன்னார் முசலிப் பக்கம், கடலோரம். தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் ஏந்தியவர்கள் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்ன அன்று, கிடைத்த வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்கு வந்தார்கள். அப்போது நான் உம்மாவின் மடியில் கைக்குழந்தை. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் மாமி வள்ளக்காரரின் கையைப் பிடித்தாராம். "தம்பி, வள்ளத்தத் திருப்புங்க. குசினிப் பின்கதவு பூட்டினனாண்டு தெரியல்ல." அழுதுகொண்டிருந்த சனம் எல்லாம் சிரித்துவிட்டதாம். சிரித்துவிட்டு மறுபடி அழுததாம்.

"அந்த ஒரு தரம் மட்டுந்தான் ராத்தாக்கு ஆரும் திருப்பிக் குடுக்கல்ல" என்றார் வாப்பா.

இதற்கிடையில் ஊரிலிருந்து செய்தி வந்தது. காணிகளை அளக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள், உரியவர்கள் நேரில் நின்று எல்லை காட்ட வேண்டும், வராதவர்களின் காணி பற்றைக்காட்டோடு சேர்ந்து இழுபறியாகிவிடும் என்றார்கள். மாமியின் வீடு நின்ற வளவு அவருக்குச் சீதனமாகக் கொடுத்தது. எல்லை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். வாப்பா பத்து வயதிலிருந்தே கடலில் நின்றவர், அவருக்கு எல்லை வேலி எங்கே போனது என்பது தெரியாது.

பளீல் நானாவின் வேனை ஏற்பாடு செய்தோம். பொறுமையில் அவரை மிஞ்ச ஆளில்லை, அதனால்தான் மாமியின் பயணங்களுக்கெல்லாம் அவரைப் பிடிப்பது. முதல் நாள், வண்ணாத்திவில்லுவில் வைத்து மாமியின் கை முன்சீட்டுக்கு வந்தது. காஸ் அடுப்பு. திரும்பினோம். அடுப்பு அணைந்திருந்தது. திரும்பப் போக நேரம் காணாது.

அடுத்த முறை இலவன்குளத்தில், ஆற்று மட்டத்தோடு தாழ்ந்து கிடக்கும் சப்பாத்துப் பாலம் வரைக்கும் போனோம். பாலத்துக்கு மேலால் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. எங்கள் கண்முன்னே ஒரு பஸ் சர்வசாதாரணமாகக் கடந்து போனது.

"தண்ணி ஏறுது" என்றார் மாமி.

"எறங்குது ராத்தா" என்றார் பளீல் நானா.

"கோழிக்கூடு சாத்தல்ல."

"உங்களிட்டக் கோழியே இல்லையே மாமி!" நான் கத்தியேவிட்டேன்.

வாப்பா கண்ணை மூடிக்கொண்டார். "திருப்புங்க பளீல். ராத்தாட காணி. அவவுக்கு வேணாண்டா எனக்கென்ன." வியாழக்கிழமையோடு அளக்கிறவர்கள் போய்விடுவார்கள் என்று அன்று பின்னேரம் ஊரிலிருந்து கோல் வந்தது. இருந்தது ஒரே ஒரு நாள்.

நான் நேரே மாமி வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன்.

"உங்களுக்குப் போக விருப்பமில்ல. அதுக்கு ஏன் எங்கள இழுத்தடிக்கிறீங்க? வேணாமெண்டு நேரே சொல்லுங்களேன்."

மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"போனாத் தெரிஞ்சிருமே."

"என்ன தெரியும்?"

"பூட்டினனா இல்லையாண்டு."

எனக்கு எங்கே போய் முட்டுவது என்று தெரியவில்லை. "மாமி, இருவது வருசமாச்சு. அங்க வீடே இல்ல. சுவரும் விழுந்துட்டுண்டு போய்ப் பாத்த ஆக்கள் சொல்றாங்க. இனிப் பூட்டினா என்ன, பூட்டாட்டி என்ன?"

இப்போது திருவலை நின்றது.

"எல்லாரும் பூட்டிட்டு வந்தவங்க. எல்லாற்ற வீடும் போச்சு, அது வேற. என்ட வீடு நான் தெறந்துபோட்டு வந்ததால போச்சுண்டா? மாமா கட்டின வீடுடா அது. கல்லு ஒண்டொண்டாச் சுமந்தவர். முகாமில கிடந்து மவுத்தாகக்குள்ளயும் கேட்டார், 'புள்ள, பின்கதவு பூட்டித்தானே வந்த'ண்டு. நான் 'ஓம்'ண்டு சொல்லிட்டன்."

அவர் அழவில்லை. தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் திருவத் தொடங்கினார். காரணம் காரணமாகத் தயாரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. அவருடைய சுபாவம் பிறவியிலேயே வந்ததுதான், அதில் மாமி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுபாவத்துக்குள் ஒரு கதவு மட்டும் இருபது வருடமாகச் சாத்தப்படாமல் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஆசையாய்க் கட்டியவருக்கு உறுதியில்லாத ஒரு 'ஓம்' சொல்லி அனுப்பிவிட்டு, அது பொய்யாகிவிடுமோ என்ற பயத்தில் இந்த மனுசி சீதனக் காணியையே விடத் தயாராக இருந்தார். பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

வியாழக்கிழமைக்கு வாப்பா ஒரு வழி சொன்னார். அவர் எங்களோடு வரவில்லை. மாமி வீட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு குந்திவிட்டார். "நீங்க வாற வரைக்கும் இந்தக் கதவுக்கு முன்னால இருந்து அசைய மாட்டன் ராத்தா. இனி என்னத்துக்குத் திரும்புவீங்க?" மாமிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் வண்ணாத்திவில்லுவில் கோல் எடுத்தார்.

"இருக்கியா?"

"இருக்கன் ராத்தா."

இன்னும் கொஞ்சத் தூரத்தில் மறுபடியும்.

"எழும்பிப் போயிராத."

"ஒண்டுக்குப் போகவாவது விடுங்க ராத்தா!"

சப்பாத்துப் பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறியதும் போனில் சிக்னல் போய்விட்டது. மாமி கொஞ்ச நேரம் போனை ஆட்டிப் பார்த்தார். பிறகு கை முன்சீட்டுக்கு வந்தது. பளீல் நானா கண்ணாடியில் பார்த்தார்.

"ராத்தா, இது யானைக் காடு. நிப்பாட்டவும் ஏலா, திருப்பவும் ஏலா."

மாமி என்னைப் பார்த்து, "இதும் உன்ட கப்பல் மாதிரித்தானா?" என்றார். கை சீட்டிலிருந்து எடுபடவே இல்லை. செம்மண் தூசி முழுவதும் எங்கள் முகத்தில். அந்த வழி முழுக்க அவர் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தார்.

ஊர் என்று ஒன்றும் இல்லை. நாயுருவியும் ஈச்சம் பற்றையும் முள்ளும். பள்ளிவாசல் சுவரொன்று, கிணறுகள். நில அளவையாளர் ஒருவரும் இரண்டு உதவியாட்களும் மரத்தடியில் சாப்பாட்டுப் பார்சலை மடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் போயிருப்பார்கள். மாமி இறங்கினார். வேனில் பூட்டுக்காக நடுங்கிய மனுசி, அங்கே யாரையும் கேட்காமல் பற்றைக்குள் நடந்தார். கிணற்றைக் காட்டினார். அதிலிருந்து புளியமரம், புளியிலிருந்து மண்ணோடு மண்ணாகக் கிடந்த ஒரு பாலைமரக் கப்பு, எல்லைத்தூண். அளவையாளர் சிங்களத்தில் கேட்டதைப் பளீல் நானா தமிழாக்கினார். மாமி விரலால் பதில் சொன்னார். எல்லை பிடித்து முடிய அதிக நேரம் ஆகவில்லை. காணி மாமிக்கே நின்றது.

அதன் பிறகுதான் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார். வீடு என்றால் அத்திவாரமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர்த் துண்டுகளும். ஓடு, கூரைமரம், யன்னல் எல்லாம் எவரெவரோ கொண்டுபோயிருந்தார்கள். மாமி குசினி இருந்த பக்கமாகப் போனார். நான் பின்னால் போனேன். அவர் குனிந்து ஒரு தடியால் கொடியை விலக்கினார். இலைச்சருகைத் தள்ளினார். கதவு நிலையோடு வெளிப்பக்கமாக விழுந்து கிடந்தது. பலகையைக் கறையான் முழுவதும் தின்றுவிட்டிருந்தது. கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. ஆனால் கொண்டியும் வளையமும் மிஞ்சியிருந்தன. வளையத்தில் ஓர் ஆமைப்பூட்டு, துருப்பிடித்துச் சிவந்துபோய்த் தொங்கியது.

மாமி அதைக் கையில் எடுத்தார். இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் நின்றார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அது திறக்கவில்லை.

"பாரு" என்றார். "பூட்டித்தான் வந்திருக்கன்."

"ஓம் மாமி."

"நல்லா இழுத்துப் பாரு."

நான் இழுத்துப் பார்த்தேன். பளீல் நானாவைக் கூப்பிட்டு இழுக்க வைத்தார். அளவையாளர் என்ன ஏதென்று பார்க்க வந்தார், அவரையும் விடவில்லை. "மாத்தயா, இழுத்துப் பாருங்க." அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல், சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு, மரியாதைக்காக ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். கதவு இல்லை, சுவர் இல்லை, வீடே இல்லை. பூட்டு மட்டும் பூட்டியிருந்தது. நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் ஊற்றியது.

"இத எடுத்துட்டுப் போவமா?" என்று கேட்டேன்.

"கழட்டி எடுத்தாப் பூட்டினதாகுமா? விசரா உனக்கு?"

பூட்டைப் பழையபடி வைத்துச் சருகையும் தள்ளி மூடினார்.

திரும்பும்போது சப்பாத்துப் பாலத்தடியில் சிக்னல் வந்தது. மாமி கோல் எடுத்தார். வாப்பா அந்தப் பக்கம் முந்திக்கொண்டு, "இருக்கன் ராத்தா, அசையல்ல" என்றார்.

"நீ எழும்பி வீட்ட போ" என்றார் மாமி. "தம்பி, நான் பூட்டித்தான் வந்திருக்கன்."

வாப்பாவும் அன்று அந்த வள்ளத்தில் இருந்தவர் அல்லவா. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் போனில் கேட்டது.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நீங்கள் நினைக்கலாம். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அதன் பிறகு மாமி எந்தப் பயணத்திலும் வேனைத் திருப்பச் சொல்லவில்லை. பாலாவிச் சந்தி தாண்டியதும் நாங்கள் எல்லோரும் பழக்கதோசத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம். பளீல் நானா தானாகவே வேகத்தைக் குறைப்பார். மாமி வெளியே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு, "என்ன, ஆட்டோக்காரனெல்லாம் முந்திப் போறான், ஓட்டுங்க" என்பார். நாங்கள் கல்யாண வீடுகளுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்து, அடுப்பில் சோறு வேகும் முன்பே கதிரைகளில் உட்கார்ந்து விழித்தோம். நாடகத்தில் பாதிப் பகுதிகள் எழுத மிச்சமிருந்தன. பார்த்து எழுத வைத்திருந்த ஆள் இப்படி என்னைக் கைவிட்டார். பழைய மாமியை ஞாபகத்தில் இழுத்து இழுத்துத்தான் மிச்சத்தை எழுதினேன். தலைவரின் பதில் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

நாடகம் ஒலிபரப்பாகத் தொடங்கியது. கடைசிப் பகுதிக்கு முந்திய பகுதி போன அன்று, மாமி எங்கள் வீட்டு வானொலிக்கு முன்னால் வந்து குந்தியிருந்தார். அடுத்த பகுதியை மறுநாள் நான் கொழும்புக்கு அனுப்பியாக வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து பொருளறைப் பெண் கத்தினாள், கப்பலைத் திருப்புங்கள், கப்பலைத் திருப்புங்கள் என்று. மாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் போல ஒரு மனுசியை எங்கேயோ கண்ட ஞாபகம்கூட அவருக்கு வரவில்லை.

"என்ன பொம்பிளடா இவ? ஒரே கரைச்சல்" என்றார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். "அவவுக்கு என்ன பதில் சொல்றதெண்டுதான் மாமி தலைவருக்குத் தெரியல்ல."

"இதுக்கென்ன பெரிய பதில்?" வெற்றிலையைக் கன்னத்தின் ஒரு பக்கம் ஒதுக்கினார். "பூட்டித்தான் வந்திருப்பா. ஓட்டச் சொல்லு."

கடைசிப் பகுதியில் தலைவர் அதைத்தான் சொல்கிறார்.